மீசைக்காரருக்கு ஒரு சைவச் சாப்பாடு

நான் மீன் சாப்பிடுவதில்லை. அப்படியென்றால் மீன் மெஸ்ஸைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். இந்தக் கடைக்குக் குடும்பத்தோடு மூன்று தடவை போயிருக்கிறேன், மூன்று தடவையும் பில் கட்டியது நான். அந்த யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன்.

கடை தேவிபட்டினத்தில் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். நவபாஷாணத்துக்குத் திரும்பி, கடல் கண்ணில் படுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சந்து. போர்டு கிடையாது. வேப்பமரத்தில் ஒரு சிலேட்டு தொங்கும், அதில் அன்றைக்கு வந்த மீனின் பெயர் மட்டும் சாக்பீஸில் எழுதியிருக்கும். முரல், கணவாய், நண்டு, காரல், எது வந்ததோ அது. தகரக் கொட்டகை, ஆறு மேசை, இரண்டு ஃபேன். அதில் ஒன்று சுற்றும்.

முதல் தடவை போனது போன மே மாதம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகு மீன்தான், விலையும் கூடுதல். மாமியார் வாசலிலேயே தயங்கினார். ராமர் ஒன்பது கல்லை நட்டுக் கும்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில் மீன் மெஸ்ஸா என்று. கம்பராமாயணத்தில் குகன் தேனும் மீனும் கொண்டுவந்து நீட்டுவான், அன்போடு கொடுத்தது பவித்திரம், நாங்கள் சாப்பிட்ட மாதிரிதான் என்பான் ராமன். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொன்னதை அப்படியே எடுத்துவிட்டேன்.

"அப்ப அவரு திங்கலையா?" என்றார் மாமியார்.

"வேண்டாம்னும் சொல்லல, திங்கவும் இல்ல அத்தை."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க மாப்ள."

உட்கார்ந்தோம். நான்கு மீன் சாப்பாடு, ஒரு சைவம் என்றேன். பரிமாறும் பையன் மேசையை ஒரு சுற்று பார்த்தான். மாமியாருக்கு வயசு எழுபது, நெற்றியில் திருநீறு. சைவ இலையை அவர் முன்னால் விரித்துவிட்டான். "எனக்கில்லப்பா, அவருக்கு" என்று மாமியார் என்னைக் காட்டியதும் அவன் பார்த்தது என் முகத்தை இல்லை, மீசையை. என் மனைவியின் தம்பி சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. "மச்சான், ஒண்ணு மீசைய எடுங்க, இல்ல மீனை எடுங்க. பய குழம்புறான்ல."

எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். மறவர் வீடு, குலசாமிக்குக் கிடா வெட்டுகிற வீடு. 2003-ல் கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி அமல்படுத்தினார்களே, அப்போது நான் லீவில் வந்திருந்தேன். அப்பா வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். "எங்க சாமி என்ன திங்கணும்னு சொல்ல இவங்க யாரு?" அடுத்த வருஷமே சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒன்றுக்கு இரண்டு கிடா விழுந்தது. கமுதி பக்கம் முதல்நாட்டில் எல்லைப்பிடாரி அம்மனுக்கு ஆண்கள் மட்டும் கூடி வெட்டி, ஆண்களே சமைத்துச் சாப்பிடுகிற திருவிழா உண்டு. பெண்களுக்கு அங்கே இடமில்லை. இப்படிப்பட்ட சீமையில் ஒருத்தன் எனக்குக் கறி வேண்டாம் என்றால், உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்த கேள்வியை நேரில் கேட்க மாட்டார்கள், பொண்டாட்டியிடம் கேட்பார்கள்.

நான் கறியை விட்டதில் பக்தி எதுவும் இல்லை. 2006-ல் பட்டாளத்தில், ராஜஸ்தானில் இருந்தபோது ஒரு பந்தயத்தில் தோற்றேன். எங்கள் யூனிட்டில் அரியானாக்காரர் ஒருவர் இருந்தார். அகாடா என்கிற மல்யுத்தக் கூடத்தில் வளர்ந்த பயில்வான். பால், நெய், ஊறவைத்த பாதாம், ரொட்டி, அவ்வளவுதான் சாப்பாடு. முட்டைகூடத் தொட மாட்டார். புல்லுத் திங்கிறவனுக்கு இவ்வளவு திமிரா என்று நான் வாயை விட, மண்ணில் இறங்கும்படி ஆகிவிட்டது. என்னை மல்லாக்கப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை இங்கே எழுதப்போவதில்லை, சொந்தக்காரர்கள் படிப்பார்கள். தோற்றவன் மூன்று மாதம் கறி மீன் தொடக்கூடாது என்பது பந்தயம். மூன்று மாதம் முடிந்தபோது நாக்கு கேட்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தப் பயில்வான்களின் கணக்கு நம் ஊர்க் கணக்குக்கு நேர் எதிர். கறி உடம்பைச் சூடாக்கும், சூடு வீரியத்தைக் கரைக்கும், வீரியத்தைக் கட்டிக் காப்பவன்தான் ஆண். சாட்சிக்கு அகாடா மூலையில் செந்தூரம் பூசிக்கொண்டு அனுமார் நிற்பார், பிரம்மச்சாரி, மலையைத் தூக்கியவர். அதே முகாமில் ஒரு ராஜபுத்திரரும் இருந்தார். தசராவுக்கு ஒரே வீச்சில் ஆட்டுத் தலை விழ வேண்டும், இரண்டாவது வீச்சு போட்டால் அவன் க்ஷத்திரியனே இல்லை என்பார். காலையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் "ராம் ராம்" சொல்லித்தான் கும்பிட்டுக்கொள்வார்கள். சாமி ஒன்று, ஆம்பளை இரண்டு தினுசு.

ஊருக்கு வந்து பந்தயத்தில் தோற்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பழனி முருகனுக்கு வேண்டுதல் என்று ஒரு பொய் சொன்னேன். அந்த நிமிஷமே மரியாதை வந்துவிட்டது. கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் மீன் கறியை விடுகிறவனை யாராவது ஆம்பளை இல்லை என்கிறார்களா? சாமி என்று காலில் விழுகிறார்கள். கெடு வைத்து விட்டால் வைராக்கியம், கெடு இல்லாமல் விட்டால் ஏதோ கோளாறு. மச்சினனிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்துதான் மீசைப் பேச்சு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

சைவச் சாப்பாடு 80 ரூபாய். சோறு, குழம்பு, ரசம், ஒரு கூட்டு, மோர், அப்பளம். இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். இங்கே போக வேண்டியது வாழைக்காய் வறுவலுக்காக. தோலைச் சீவி, குறுக்கே சாய்வாக, சீலாத் துண்டு கனத்துக்கு வெட்டுகிறார்கள். மீனுக்குத் தடவுகிற அதே மசாலாதான். நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்த் தூள் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது), மஞ்சள், மிளகு, சோம்பு, உப்பு, கொஞ்சம் கெட்டிப் புளி. தடவி அரைமணி நேரம் நிழலில் வைத்துவிட்டுத்தான் கல்லில் போடுகிறார்கள். புரட்டும்போது மசாலா கல்லோடு போய்விடாமல் காயோடு வருகிறது. இலையில் விழும்போது ஓரம் கறுத்து முறுகியிருக்கும், விரலால் பிட்டால் உள்ளே மாவு மாதிரி வெள்ளை. முள் இல்லாத மீன் என்று என் மகள் பெயர் வைத்திருக்கிறாள்.

குழம்பும் அப்படித்தான். கத்திரிக்காய், முருங்கைக்காய், நான்கு துண்டு மாங்காய். மசாலா முழுக்க மீன் குழம்புக்கு உள்ளது, மீன் மட்டும் கிடையாது. மண்சட்டியில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வட்டம் வட்டமாக நிற்கிறது. கீதையின் 17-ஆம் அத்தியாயம் கசப்பு, புளிப்பு, உப்பு, கடும் சூடு, உறைப்பு என்று அடுக்கி, இதெல்லாம் ராஜச குணத்தாருக்குப் பிடித்த உணவு என்கிறது. கறி என்ற சொல்லே அந்த அடுக்கில் இல்லை. அந்தக் கணக்கில் இந்தக் கத்திரிக்காய்க் குழம்பு அசல் ராஜசம். மூக்கில் நீர் வடிய ராஜாவாக எழுந்து கை கழுவினேன்.

மீன் சாப்பிட்டவர்கள் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். மீன் சாப்பாடு 140 ரூபாய், வறுவல் தனி. முரல் வறுவலுக்கு முதல் இடம். மாமியார் முரலின் பச்சை முள்ளை இலை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி அடுக்கி வைத்துவிட்டு, இன்னொன்று கேட்டார். அவர் வெளியிடத்தில் இன்னொன்று கேட்டு நான் பார்த்ததில்லை. நண்டில் காரம் தூக்கல் என்றாள் மனைவி. கணவாய் ரப்பர்.

சாப்பிடும்போதே மச்சினன் ஆரம்பித்துவிட்டான். "சிங்கம் புல்லுத் திங்குமா மச்சான்?" அவன் புதிதாகக் கண்டுபிடித்த கேள்வி இல்லை. மனு நூலின் 5-ஆம் அத்தியாயத்திலேயே இது இருக்கிறது. அசையாதது அசைவதற்கு இரை, பல் இல்லாதது பல் உள்ளதற்கு இரை, கை இல்லாதது கை உள்ளதற்கு இரை, கோழை வீரனுக்கு இரை. அதே அத்தியாயம் இன்னும் கொஞ்சம் போனால், கறி தின்பதில் தோஷமில்லை, ஆனால் விட்டவனுக்குப் பெரும் பலன் என்று மறுபக்கமும் பேசும். காந்தி சின்ன வயசில் ஒளிந்துபோய் ஆட்டுக்கறி தின்றதும் இந்த ஏணியில் ஏறத்தான். வெள்ளைக்காரன் கறி தின்கிறான், அதனால் வாட்டசாட்டமாக இருக்கிறான், அதனால் நம்மை ஆள்கிறான் என்று கூட்டாளி சொன்னதை நம்பினார். அன்றைக்கு ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்திய மாதிரி இருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் சொன்னேன். மச்சினன் இன்னொரு முரலை எடுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் கத்தல" என்றான்.

கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் சமையல்காரரைப் பார்த்தேன். கடைக்காரரும் அவர்தான். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். முன்பு நாட்டுப்படகில் போனவர், தோளைப் பார்த்தாலே தெரியும். கொதிக்கிற மீன் குழம்புச் சட்டி முன்னால் நின்றுகொண்டு, "இங்க வா, உப்புப் பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் அரைக் கை" என்றார்.

"ஏண்ணே, நீங்க பாக்க மாட்டீங்களா?"

"நான் மீன் திங்கிறதில்ல தம்பி. பதினோரு வருஷம் ஆச்சு."

ஏதோ வேண்டுதல் என்று எதிர்பார்த்தேன். நானே அந்தப் பொய்யைச் சொன்னவன் இல்லையா. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "கடல்ல இருந்த வரைக்கும் தின்னேன். அடுப்புக்கு வந்தப்புறம் தெனமும் மணம் புடிச்சே வயிறு நெறஞ்சிருது. விக்கிறது தொழிலு. திங்கிறது என் இஷ்டம்தானே?" காரம் புளி எல்லாம் மணத்திலும் எண்ணெய் பிரிகிற தினுசிலும் தெரிந்துவிடுமாம். உப்பு மட்டும் மூக்குக்குத் தெரியாது.

எனக்கு அந்த இடத்தில் மிதிலைக் கசாப்புக்காரர் ஞாபகம் வந்தார். மகாபாரதத்தில் வனபர்வத்தில் வருகிற தர்மவியாதர். பட்டாளத்தில் பண்டிட் சொல்லிக் கேட்ட கதை. தவம் செய்த கௌசிகன் என்ற பிராமணன் தர்மம் தெரிந்துகொள்ள ஒரு கறிக்கடைக்கு அனுப்பப்படுகிறான். கடைக்காரர் சொல்வார்: நான் கொல்வதில்லை, மற்றவர் கொன்றதை விற்கிறேன், நான் சாப்பிடுவதும் இல்லை, இது அப்பன் பாட்டன் வழியில் வந்த தொழில். பண்டிட் இதைச் சொல்லி முடித்து, அவனவன் பிறந்த கடமையை அவனவன் செய்ய வேண்டும் என்று முத்தாய்ப்பு வைப்பார். நாங்கள் நூறு பேர் தலையாட்டுவோம். பிறகு ஒருநாள் நானாக எடுத்து முழுசாகப் படித்தபோதுதான் அடுத்த பகுதி தெரிந்தது. அந்தக் கசாப்புக்காரர் போன பிறவியில் பிராமணராம், ஒரு சாபத்தால் இப்படிப் பிறந்தாராம். ஞானம் கறிக்கடையில் உட்காரலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு முகவரி காட்டித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

கதையை அவரிடம் சொன்னேன், சாபத்தை விட்டுவிட்டு. சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டார். பிறகு, "அந்த ஆளுக்குப் பையன் இருந்தானா?" என்றார்.

மனைவி மக்களோடு அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார் என்று வருகிறது. மகன் எந்தத் தொழிலுக்குப் போனான் என்று வரவில்லை. இவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறானாம். "கடலும் வேணாம், அடுப்பும் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

இரண்டாவது தடவை போனது ஆவணி கடைசி ஞாயிறு. தப்பான நாள். புரட்டாசி பிறக்கப் போகிறது என்று ஊரே மீனைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் நின்றுதான் இடம் கிடைத்தது. பாதிச் சாப்பாட்டில் என் விரலில் ஏதோ ஒட்டியது. தூக்கிப் பார்த்தால் மீன் செதில். சின்னக் குழந்தையின் நகம் மாதிரி, வெயிலில் மின்னுகிறது. மீன் குழம்புக் கரண்டி சைவச் சட்டிக்குள் போய் வந்திருக்கிறது. மச்சினன் எழுந்து நின்று கைதட்டினான். பத்தொன்பது வருஷம் போச்சே மச்சான் என்று. மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

கடைக்காரர் வந்தார். இல்லை என்று வாதாடவில்லை, பையனையும் திட்டவில்லை. செதிலைத் தன் விரலில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க தப்புதாண்ணே" என்று இலையை எடுத்தார். முதல் தடவை தம்பி, இப்போது அண்ணன், அதிலேயே அவர் பதறியது தெரிந்தது. எனக்குத் தீட்டுமில்லை, வேண்டுதலுமில்லை. ரசம் சோற்றோடு எழுந்துவிட்டேன். சைவச் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இருந்தாலும் தப்பு தப்புதான். கண்டிப்பான சைவக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, சுத்த சைவ ஹோட்டலுக்கே போய்விட்டுப் போயேன் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊரில் சைவம் என்ற சொல் சோற்றோடு நிற்பதில்லையே. 1957-ல் பெரியார் ஹோட்டல் போர்டுகளில் 'பிராமணாள்' என்ற எழுத்தை எதிர்த்துப் போராடினார். போர்டில் எழுத்து போய்விட்டது. போன இடம் எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆனதும் மதுரையில் வாடகைக்கு வீடு பார்த்தேன். 'சைவம் மட்டும்' என்று கேட்டில் அட்டை. நாம்தான் சைவமாயிற்றே என்று தைரியமாக மணி அடித்தேன். வீட்டுக்காரர் காபி கொடுத்தார். எந்த ஊர் என்றார். முதுகுளத்தூர் பக்கம் என்றேன். காபி தம்ளரைத் திரும்ப வாங்குவதற்குள் அந்த வீட்டை வேறு யாருக்கோ ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது. எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. இந்த மெஸ்ஸைப் பற்றி ஊரில் சொன்னபோது பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, மீன் எப்படி என்பதில்லை. "கடைக்காரன் என்ன ஆளுக?"

மெஸ்ஸில் ஒருத்தரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. சைவம் என்றதும் காரணம்கூடக் கேட்கவில்லை, மீசையைப் பார்த்ததோடு சரி.

மூன்றாவது தடவை, இந்தத் தை அமாவாசை. நவபாஷாணத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தோம். கடலில் இடுப்பளவு தண்ணீரில் எள்ளை விடும்போது, எங்க சாமி என்ன திங்கணும்னு சொல்ல இவங்க யாரு என்று நடந்த நடை ஞாபகம் வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு கிடா பார்த்த மனுஷனுக்கு இப்போது எள்ளும் தண்ணீரும்.

மெஸ்ஸில் சிலேட்டு வெறுமையாக இருந்தது. அமாவாசைக்கு அங்கே மீன் அடுப்பே பற்ற வைப்பதில்லை, வெங்காயமும் இல்லை. மொட்டைத் தலைகளும் ஈர வேட்டிகளுமாகக் கூட்டம். மச்சினன் உட்பட அன்றைக்கு ஆறு மேசையும் என் சாதி. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சுவரில் தொங்கிய கரண்டிகளில் நான்கின் காம்பில் மட்டும் பச்சை நைலான் நூல் சுற்றியிருந்தது, வலை கட்டுகிற நூல். "அன்னைக்கிச் சாயங்காலமே கட்டிட்டேன் தம்பி" என்றார். அண்ணனிலிருந்து மறுபடி தம்பிக்கு இறங்கியிருந்தேன். நிம்மதியாக இருந்தது.

ஒரே குறை. அமாவாசைக்கு வாழைக்காய் கட்டாயம் உண்டு, ஆனால் மசாலா கிடையாது. வேகவைத்து, தேங்காய்ப்பூ போட்டு, வெள்ளையாக ஒரு பொரியல். சாத்விகமாக இருந்தது. ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாமல், கல்லில் நான்கு துண்டு போட்டுத் தர முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

"இன்னைக்கு முடியாது. நாளைக்கு மீன் நாளு, அப்ப வாங்க, வறுத்துத் தாரேன்."

மதியம் 12 மணியிலிருந்து மூன்றரை வரை திறந்திருக்கும். கார்டு வாங்க மாட்டார்கள், ஜிபே உண்டு. வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், திருப்ப முடியாது. பரிமாறும் பையன் இலையை வேறு யார் முன்னாலாவது விரித்தால் கோபப்பட வேண்டாம், நகர்த்திக்கொள்ளுங்கள்.